வீடு காலி, பெயர்ப்பலகை மட்டும் பாக்கி

அக்காள் மகன் மடிக்கணினியைத் திறந்து என் முன்னால் வைத்தான். "மாமா, இதில் எது எதற்கென்றே தெரியவில்லை. வேண்டாததை எல்லாம் எடுத்துவிடுங்கள்."

கறுப்புத் திரையில் ஆறு வரிகள். உபுண்டு. உபுண்டுவின் கூடுதல் தேர்வுகள். மெமரி டெஸ்ட். கிட்டத்தட்ட அதே பெயரில் இன்னொரு மெமரி டெஸ்ட். விண்டோஸ் பூட் மேனேஜர். கடைசியாக யூஇஎஃப்ஐ அமைப்புகள். கீழே பத்திலிருந்து ஒவ்வொரு நொடியாக இறங்கிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டு, எஃப்12 விசையைத் தட்டிக்கொண்டே மறுபடியும் போட்டேன். இந்த முறை வந்தது வேறு பட்டியல்: உபுண்டு, விண்டோஸ், ஃபெடோரா.

"ஃபெடோராவா? அதைப் போன வருடமே அழித்துவிட்டேனே!"

அழித்தது உண்மைதான். ஃபெடோராவும் உபுண்டுவைப் போல ஒரு லினக்ஸ் இயங்குதளம். விண்டோஸுக்குள் போய், அது இருந்த பார்ட்டிஷனை (வட்டில் பிரித்து வைத்த பகுதியை) நீக்கி, அந்த இடத்தைப் புகைப்படங்களுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறான். குடியிருந்தவர் காலி செய்துகொண்டு போய்விட்டார். வாசலில் பெயர்ப்பலகை மட்டும் தொங்குகிறது.

கணினி எழும்போது எதை ஓட்டுவது என்று கேட்கும் பட்டியலைப் பூட் மெனு என்று ஒருமையில் சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினியில் மூன்று பட்டியல்கள் வரை இருக்கலாம். எஃப்12-இல் வந்ததை மதர்போர்டு வைத்திருக்கிறது, முதலில் பார்த்த ஆறு வரிகளை லினக்ஸோடு வரும் க்ரப் என்ற தொடக்க நிரல் எழுதுகிறது, மூன்றாவது விண்டோஸுடையது. மூன்றும் மூன்று இடங்களில் இருக்கின்றன. ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்துவதில்லை. ஒரு பட்டியலில் உள்ள பெயரை அழிக்க இன்னொரு பட்டியலில் போய்த் தேடுவதால்தான் பலர் பாதியில் அலுத்துப்போகிறார்கள்.

கணினியை எழுப்பும் மதர்போர்டு நிரல் பயாஸாக இருந்த பழைய காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. வேறு சிக்கல் இருந்தது. மின்சாரம் வந்ததும் பயாஸ் வன்தட்டின் முதல் 512 பைட்டை மட்டும் படித்து நினைவகத்தில் ஏற்றி, 'இனி உன் பாடு' என்று ஒதுங்கிக்கொள்ளும். அந்த 512-இல் 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, 2 பைட் முத்திரைக்கு. மிஞ்சும் 446 பைட்டுக்குள் தொடக்க நிரல் அடங்க வேண்டும். 446 பைட் எவ்வளவு என்றால், யூனிகோடில் இருபது தமிழ்ச் சொற்களை எழுதினால் ஏறக்குறைய நிரம்பிவிடும். அந்தத் திண்ணையில் ஒருவர்தான் உட்கார முடியும். கடைசியாக நிறுவிய இயங்குதளம் முன்பு இருந்ததைத் துடைத்துவிட்டு உட்கார்ந்துவிடும். லினக்ஸ் இருந்த கணினியில் விண்டோஸை மறுபடி நிறுவியவர்கள் க்ரப் பட்டியலே காணாமல்போய்த் திகைத்தது இதனால்தான். 2011 முதல் தமிழக அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்ததால், இங்கே பல மாணவர்களுக்கு இப்படியொரு பட்டியலே கணினியில் தெரிந்த முதல் திரை.

பயாஸின் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐக்குக் கோப்புகளைப் படிக்கத் தெரியும். வட்டில் அதற்கென்று ஒரு சிறிய பார்ட்டிஷன் உண்டு. விண்டோஸ் நிறுவியே உருவாக்கினால் பெரும்பாலும் 100 எம்பி அளவில் இருக்கும். விண்டோஸ் அதற்கு டிரைவ் எழுத்து கொடுப்பதில்லை என்பதால் பலர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். உள்ளே ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் ஒரு கோப்புறை. யாரும் யாரையும் துடைக்க வேண்டியதில்லை. திண்ணை போய்த் தெருவே வந்துவிட்டது. ஆனால் காலி செய்துவிட்டுப் போகிறவரின் பலகையைக் கழற்றும் வேலையை யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

அந்தப் பலகை இருப்பது வட்டில்கூட இல்லை; மதர்போர்டில் உள்ள சிறிய ஃபிளாஷ் சில்லில். வட்டைக் கழற்றி வேறொன்றைப் போட்டாலும் பழைய பெயர் திரையில் வருவதற்கு இதுதான் காரணம். ஒரு பலகையை அருகில் போய்ப் பார்க்கலாம். உபுண்டுவில் கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறந்து எஃபிபூட்எம்ஜிஆர் என்ற கருவியை ஓட்டினோம். அவன் கணினியில் ஃபெடோராவின் எண் பூட்0003. முதல் 4 பைட்டில் இந்தப் பதிவு செயலில் உள்ளதா என்ற குறிப்பு. அடுத்த 2 பைட், பின்னால் வரும் முகவரியின் நீளம். பிறகு பெயர்: ஆங்கிலத்தில் ஃபெடோராவுக்கு ஆறு எழுத்து, எழுத்துக்கு 2 பைட், முடிவைக் காட்ட இன்னும் 2, ஆக 14 பைட். அதன் பின் முகவரி: எத்தனையாவது பார்ட்டிஷன், அதன் 16 பைட் அடையாள எண், உள்ளே எந்தக் கோப்பு. இவ்வளவுதான் ஒரு வரி. 'பூட்ஆர்டர்' என்ற இன்னொரு பதிவு, இந்த எண்களை எந்த வரிசையில் முயல வேண்டும் என்று சொல்கிறது.

இந்த முகவரி ஃபெடோராவின் வீட்டு முகவரி அல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அது காட்டுவது அந்த 100 எம்பி பார்ட்டிஷனில் உள்ள ஒரு கோப்பை. மருமகன் அழித்தது வேறொரு பார்ட்டிஷனை. ஆகவே மதர்போர்டின் கணக்கில் ஃபெடோரா நலமாகவே இருக்கிறது. தேர்ந்தெடுத்துப் பார்த்தோம். க்ரப் நிரல் எழுந்தது, தன் பட்டியல் கோப்பைத் தேடிப் போனது, அது இருந்த பார்ட்டிஷன் இல்லை. 'க்ரப்' என்ற சொல்லும் அருகில் ஓர் அம்புக்குறியும் மட்டும் திரையில் நின்றன. பூட்ஆர்டரில் ஃபெடோரா முதலாவதாக இருந்திருந்தால் தினமும் இந்தத் திரையில்தான் விழித்திருப்பான். லினக்ஸை நீக்க நினைப்பவர்கள் முதலில் அமைப்புகளுக்குள் போய் விண்டோஸை முன்னால் வைத்துவிட்டு, அதன் பிறகு பார்ட்டிஷனில் கைவைப்பது இதற்காகத்தான். விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் போட்ட கணினி என்றால் 48 இலக்க மீட்பு எண்ணையும் முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. தொடக்கப் பாதையில் மாற்றம் கண்டால் அது அந்த எண்ணைக் கேட்டு மறித்துவிடும்.

நீக்குவது ஒற்றைக் கட்டளை. அதே கருவியில் ஆங்கிலத்தின் சிறிய பி (b) எழுத்தோடு 0003 என்று கொடுத்தால் எந்தப் பதிவு என்று சுட்டிக்காட்டுகிறோம். கூடவே பெரிய பி (B) கொடுத்தால் அழிகிறது. எண்ணை இரண்டு முறை சரிபார்த்துவிட்டே அழுத்தினேன். இந்தப் பதிவுகளை லினக்ஸ் ஒரு கோப்புறை போலவும் காட்டும். 2016 தொடக்கத்தில் ஒருவர் கணினியில் உள்ள அனைத்தையும் துடைக்கும் கட்டளையைக் கொடுக்க, அந்தக் கோப்புறையும் சேர்ந்து துடைக்கப்பட்டு, மடிக்கணினி பிறகு எழவே இல்லை. பதிவுகள் அழிந்தால் தாங்காத அளவுக்கு அதன் ஃபர்ம்வேர் (மதர்போர்டில் உள்ள நிரல்) பலவீனமாக எழுதப்பட்டிருந்தது. அதே ஆண்டு வந்த லினக்ஸின் மைய நிரலான கெர்னல் 4.5, அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவற்றைச் சாதாரணமாக அழிக்க முடியாதபடி பூட்டிவைத்தது.

பலகையைக் கழற்றினால் மட்டும் போதாது. ஃபெடோராவின் கோப்புறைக்குள் சிறிய சிஎஸ்வி கோப்பு ஒன்று உண்டு. தன் பெயர் என்ன, எந்தக் கோப்பை ஓட்ட வேண்டும் என்று அதில் எழுதி வைத்திருக்கும். பதிவுகள் தொலைந்துபோய், மாற்றுப் பாதையில் கணினி எழ நேர்ந்தால், ஒரு சிறு நிரல் இந்தச் சிஎஸ்வி கோப்புகளைத் தேடிப் படித்துப் பலகைகளை மறுபடியும் மாட்டிவிடும். விபத்தில் கைகொடுக்கும் ஏற்பாடுதான்; நமக்கோ போன பேய் திரும்பி வருகிற கதை. எனவே ஃபெடோரா கோப்புறையையும் அழித்தோம். பக்கத்தில் மைக்ரோசாஃப்ட், பூட் என்று இருந்த கோப்புறைகளைத் தொடவில்லை.

அடுத்து க்ரப். இதன் பட்டியல் ஒரு கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பின் தலையிலேயே 'இதைத் திருத்தாதே' என்று எழுதியிருக்கிறது. சோம்பலில் நேராக அதில் வரிகளை வெட்டுபவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். வேலை செய்யும், அடுத்த கெர்னல் புதுப்பிப்பு வரும் வரை. ஏனென்றால் அது சமைத்து வைத்த கோப்பு. சமைப்பவர்கள் வேறு கோப்புறையில் வரிசையாக இருக்கும் சிறு நிரல்கள். பெயருக்கு முன்னால் எண் போட்டிருக்கும்: 10 என்று தொடங்குவது லினக்ஸ் வரிகளை எழுதுகிறது, 20 மெமரி டெஸ்டை, 30 பிற இயங்குதளங்களை. மெமரி டெஸ்ட் வேண்டாமென்றால் 20-ஆம் எண் நிரலின் இயங்கும் அனுமதியை எடுத்துவிட்டு, அப்டேட்-க்ரப் என்ற கட்டளையைக் கொடுத்தால் போதும். நிரல் இருக்கும், ஆனால் யாரும் அதைக் கூப்பிட மாட்டார்கள். மனம் மாறினால் அனுமதியைத் திருப்பிக் கொடுத்துக்கொள்ளலாம். கூடுதல் தேர்வுகளில் நீண்டுகிடக்கும் பழைய கெர்னல்கள் வெறும் பெயர்களல்ல, உண்மையிலேயே வட்டில் இருப்பவை. அவற்றை ஆப்ட் ஆட்டோரிமூவ் என்ற கட்டளை மூலம் நீக்கினால் வரிகளும் சேர்ந்து போய்விடும்.

30-ஆம் எண்ணில் இருக்கும் ஓஎஸ்-புரோபர் கொஞ்சம் துருவுகிற ஆசாமி. ஒவ்வொரு பார்ட்டிஷனாகத் திறந்து உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும். தெரியாத பார்ட்டிஷன்களை இப்படித் திறப்பது பாதுகாப்புக்கு நல்லதல்ல என்பதால் 2021-இல் வந்த க்ரப் 2.06 இதை இயல்பாகவே நிறுத்திவைத்தது. விண்டோஸ் வரி திடீரென்று மறைந்துவிட்டது என்று அப்போது பலர் புலம்பியதற்குக் காரணம் இந்த மாற்றம்.

விண்டோஸின் பட்டியல் இவன் கணினியில் தலைகாட்டவில்லை. ஒரே கணினியில் இரண்டு விண்டோஸ் பதிவுகள் இருந்தால்தான் அந்த நீலத் திரை வரும். பழையதை வைத்துக்கொண்டே புதியதை நிறுவியவர்கள் ஒரே பெயரில் இரண்டு வரிகளைப் பார்த்திருப்பார்கள். விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் என்ற கருவியைத் திறந்து பூட் பகுதிக்குப் போனால் இப்போது ஓடுவது எது என்று குறித்திருக்கும். மற்றதை நீக்கினால் முடிந்தது.

எல்லாம் முடித்து மறுபடி போட்டோம். எஃப்12 பட்டியலில் இரண்டு பெயர்கள், க்ரப்பில் நான்கு வரிகள். மருமகனுக்கு மகிழ்ச்சி.

மறுநாள் காலை அக்காளிடமிருந்து போன். "தம்பி, கம்ப்யூட்டரை என்ன செய்தாய்? ஆங்கிலத்தில் என்னென்னவோ கேட்டுக்கொண்டு நிற்கிறது."

என்ன நடந்தது என்று புரிய ஒரு நிமிடம் பிடித்தது. வங்கிக் கணக்கு பார்க்க அவருக்கு விண்டோஸ் வேண்டும். பட்டியலை அவர் ஒருநாளும் படித்ததில்லை. கீழ்நோக்கும் அம்புக்குறியை நான்கு முறை தட்டிவிட்டு எண்டர் அழுத்துவார். ஆறு வரிப் பட்டியலில் அது சரியாக விண்டோஸில் போய் நிற்கும். நடுவிலிருந்த இரண்டு மெமரி டெஸ்டையும் நான் எடுத்துவிட்டேன். இப்போது மூன்றாவது தட்டலிலேயே கடைசி வரி வந்துவிடுகிறது, நான்காவது தட்டலும் அங்கேயே நிற்கிறது. அது யூஇஎஃப்ஐ அமைப்புகள்.

"எதையும் மாற்றாமல் வெளியே வந்துவிடுங்கள் அக்கா. இனிமேல் இரண்டு தட்டு போதும்."

"நான்கு தட்டித்தானே வழக்கம்" என்றார்.