இலையில் ஓட்டை விழட்டும்

சென்னை கோட்டூர்புரத்தில் அடையாற்றை ஒட்டி ஒரு மரப் பூங்கா இருக்கிறது. குப்பை கொட்டிக் கிடந்த அரசு நிலம் அது. 2006 முதல் 'நிழல்' என்ற அமைப்பும் தன்னார்வலர்களும் அங்கே நாட்டு மரங்களை வைத்து வளர்த்தார்கள். இப்படி ஓர் இடம் உண்மையிலேயே உயிர்களுக்கு உதவுகிறதா என்று பார்க்க, மரங்களை எண்ண வேண்டியதில்லை. இலைகளில் புழு கடித்த ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்பேன்.

செடியால் ஓட முடியாது. அதனால் தன்னைத் தின்ன வருபவர்களை விரட்ட இலையில் கசப்பையும் நஞ்சையும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஒரு நஞ்சைச் சமாளிக்கப் பூச்சிகளுக்கு எத்தனையோ தலைமுறை பிடிக்கும். சமாளித்த பிறகு பெரும்பாலும் அந்தக் குடும்பத்துச் செடிகளே கதி என்று ஆகிவிடும். வளர்ந்த பட்டாம்பூச்சி பலவகைப் பூக்களில் தேன் குடிக்கும். அதன் புழுதான் சாப்பாட்டில் கறார். பூச்செடி மட்டும் வைத்த பூங்காவுக்குப் பட்டாம்பூச்சி வந்து போகும், குடித்தனம் நடத்தாது.

வீட்டுக் கறிவேப்பிலையையே பாருங்கள். இலை மேல் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கும். மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு கவட்டைக் கொம்பு நீளும், குப்பென்று நாற்றம் வரும். கருப்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு பட்டாம்பூச்சியின் புழு அது. அந்த இனத்துப் பெண்களில் சில, உடல் சிவந்த இன்னொரு பட்டாம்பூச்சியைப் போல வேஷம் போடும். அந்த இன்னொன்று ஆடுதீண்டாப்பாளையைத் தின்று வளர்வது. பெயரே சொல்கிறதே, ஆடுகூடத் தொடாத செடி. அந்த நஞ்சை உடம்பில் ஏற்றிக்கொள்வதால் பறவைகள் ஒரு தடவை கடித்தால் அப்புறம் அந்தப் பக்கமே போகாது. ஆனால் பறவை அந்தப் பாடத்தைப் படிக்க அசலும் அக்கம்பக்கத்தில் இருந்தாக வேண்டும். களை என்று ஆடுதீண்டாப்பாளையைப் பிடுங்கிப் போட்டால் கறிவேப்பிலைக்காரியின் வேஷமும் பலிக்காது.

சரி, புழு எதற்கு? தையல்சிட்டும் தேன்சிட்டும் குஞ்சுகளுக்குப் பூச்சிகளையும் புழுக்களையும்தான் ஊட்டுகின்றன. அமெரிக்காவின் வாஷிங்டன் பகுதி வீட்டுத் தோட்டங்களில் நடந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்தே காட்டியது. தோட்டத்துத் தாவரங்களில் அயல்நாட்டுச் செடிகளின் பங்கு 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் 'சிக்கடி' என்ற சின்னக் குருவியின் எண்ணிக்கை சரியாமல் நின்றது. அந்த எண்ணை அப்படியே சென்னைக்குப் பொருத்த முடியாது. காரணம் மட்டும் இங்கேயும் அதேதான்: அயல் செடியைத் தின்னப் பழகிய புழுக்கள் குறைவு, அதனால் குஞ்சுகளுக்கு இரையும் குறைவு.

அடுத்து, தூரம். சின்ன நீலப் பட்டாம்பூச்சிகள் தரையை ஒட்டிக் கொஞ்ச தூரமே பறக்கும். கட்டடக் கடலுக்கு நடுவே ஒற்றைப் பூங்கா இருந்தால் அங்கே ஓர் இனம் அழிந்துபோன பிறகு மறுபடி வந்து சேர வழியில்லை. கோட்டூர்புரத்துக்கு அந்த விஷயத்தில் யோகம்: பக்கத்திலேயே சுமார் 270 ஹெக்டேர் கிண்டி தேசியப் பூங்கா. அங்கிருந்து வருபவை இடையில் தங்க, ஒரு தெருவோர எருக்கோ மாடித் தொட்டி எலுமிச்சையோ இருந்தால்கூடப் பிரயோஜனம்தான். பத்து வீடுகள் சேர்ந்து வைத்தால் பலன் கூடுவது இதனால்தான்.

இதையெல்லாம் கெடுப்பது பெரும்பாலும் நம் சுத்தப் பித்து. சருகைப் பெருக்கி எரித்தால் அதில் ஒளிந்திருக்கும் கூட்டுப்புழுக்களும் மண்ணுயிர்களும் சேர்ந்தே போகும். இன்னொன்று மருந்து. புங்க இலையில் விரல் நீட்டியதுபோலப் புடைப்புகள் வந்தால் மரத்துக்கு நோய் என்று ஸ்ப்ரேயரைத் தேடுகிறோம். கண்ணுக்கே தெரியாத ஒரு சிலந்திப்பேன் இலையைத் தூண்டிக் கட்டிக்கொண்ட வீடு அது. நன்றாக வேர்பிடித்த புங்கமரம் அதைத் தாங்கிக்கொண்டு அடுத்த தளிரை விட்டுவிடும்.