தண்ணீர் வழியும் கண்ணும் உலர்ந்த கண்தான்

"கண்ணுல தண்ணி கொட்டுது டாக்டர், எனக்குப் போய் உலர் கண்ணா?" கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் என்ற லேசர் அறுவை கேட்டு வருபவர்களிடம் இதற்குப் பதில் சொல்லியே வாய் உலர்ந்துவிடும்.

கண்ணீர் என்பது வெறும் நீரல்ல. இமை விளிம்பிலுள்ள மெய்போமியன் சுரப்பிகளின் எண்ணெய் மேலே படர்ந்தால்தான் அது ஆவியாகாமல் நிற்கும். அந்தச் சுரப்பிகள் அடைத்துக்கொண்டால், அடுத்த இமைப்புக்குள் படலம் கிழிந்து கருவிழி எரியும். எரிச்சல் தாங்காமல் கண்ணீர் பொங்கும். பொங்கியது கன்னத்தில் ஓடுமே தவிரக் கண்ணில் தங்காது. கண்ணீரின் அளவைப் பார்க்கும் ஷிர்மர் காகிதத்தைக் கீழிமையில் 5 நிமிடம் மாட்டினால் இவர்களுக்கு 20 மி.மீ. கூட நனையும். 'நார்மல்' என்று அந்த ஒரு எண்ணை மட்டும் எழுதி அனுப்புவதும் நடக்கிறது! ஃப்ளோரசின் சாயமிட்டு நீல ஒளியில் பாருங்கள், நான்கே வினாடியில் படலம் கிழிந்து கரும்புள்ளிகள் விழும். நல்ல கண்ணில் அது 10 வினாடியாவது தாங்க வேண்டும்.

லேசிக்கில் கருவிழியின் மேலடுக்கை மடல்போல வெட்டித் திறக்கும்போது நரம்புகளும் அறுபடும். உணர்ச்சி மந்தமாகி இமைப்பும் சுரப்பும் குறையும். பெரும்பாலோருக்கு 6 மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் சரியாகும். ஏற்கெனவே வறண்ட கண்ணென்றால் அவஸ்தை நீளும். மடல் திறக்காமல் செய்யும் 'ஸ்மைல்' (SMILE) லேசர் முறையில் வெட்டு சிறியது, வறட்சியும் குறைவு. அதற்காகப் பரிசோதனையைத் தாண்டிப் போக முடியாது. வறண்ட கண்ணில் எடுத்த டோப்போகிராஃபி (கருவிழியின் வளைவு வரைபடம்) அளவே தப்பாக வரலாம், லேசரும் அந்த அளவைத்தான் நம்பும்.

சாஃப்ட் லென்ஸை 2 வாரம், ஆர்ஜிபி எனும் கடின லென்ஸை 4 வாரம் முன்பே நிறுத்திவிட்டு அளவெடுக்க வாருங்கள். பருவுக்கு ஐசோட்ரெடினாயின், அலர்ஜி மாத்திரை, மூட்டுவாதம், வாய் உலர்வு எதையும் மறைக்காதீர்கள். முகூர்த்தத் தேதியைக் காட்டி அவசரப்படுத்தவும் வேண்டாம், வறட்சியைச் சரிசெய்யவே ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும். அதுவரை மூடிய இமைமேல் தினமும் 10 நிமிடம் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுங்கள்.

அறுவைக்குப் பின் வறட்சிக்குப் பதப்பொருள் கலக்காத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு போடுங்கள். ஒரு வேளைக்கு ஒரே சொட்டு, இரண்டாவது வெளியேதான் வழியும். தயவுசெய்து, சிவப்பு போக என்று மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். மீந்துபோன ஸ்டீராய்டு சொட்டைச் சொந்த யோசனையில் தொடர்ந்தால் கண் அழுத்தம் ஏறும், வலிகூடத் தெரியாது.

கண்ணைக் கசக்கிய பிறகோ அடிபட்ட பிறகோ கடும் வலியும் திடீர் மங்கலும் வந்தால் அது வறட்சியல்ல, மடல் நகர்ந்திருக்கலாம். சொட்டு விட்டுக் காத்திருக்காமல் அன்றே வாருங்கள்.