மாட்யூல் இருக்கிறது, டிஸ்க்கைக் காணோம்

“சார், நாலு டிஸ்க்கும் போயிடுச்சு போல இருக்கு.”

சனிக்கிழமை இரவு வந்த போன் அது. பழைய சர்வர் ஒன்றில் புதிய பதிப்பு லினக்ஸ் ஏற்றும் வேலையை எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவரிடம் கொடுத்திருந்தேன். இன்ஸ்டாலர் ஒழுங்காக பூட் ஆகியிருக்கிறது. மொழி கேட்டிருக்கிறது, நேர மண்டலம் கேட்டிருக்கிறது. டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் திரைக்கு வந்தால் பட்டியல் காலி. சாயங்காலம் வரை அதே நாலு டிஸ்க்கில்தான் பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

நாலு டிஸ்க்கும் ஒரே மணி நேரத்தில் சேர்ந்து உயிரை விடாது. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஒன்றை உருவிப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகியிருந்தார். பல டிஸ்க்குகளை ஒரே தொகுதியாக்கி, ஒன்று போனாலும் தரவைக் காக்கும் ரெய்டு 5 அமைப்பு அது. ரெய்டு கார்டுக்கு மேலே எந்த ஓஎஸ் ஓடுகிறது என்ற கவலையே கிடையாது. ஒரு டிஸ்க்கைக் காணோம் என்றதும் ‘டிகிரேடட்’ (ஒரு டிஸ்க் குறைவு) என்று குறித்துக்கொண்டது, அது திரும்பி வந்ததும் அதன் தரவை மறுபடி எழுதும் ரீபில்டைத் தொடங்கிவிட்டது. அது முடியும்வரை இன்னொரு டிஸ்க் மக்கர் பண்ணினால் மொத்தமும் போச்சு. பேக்கப் இருந்ததால் எனக்கு மூச்சு வந்தது.

‘டிரைவர் எரர்’ என்று நாங்கள் பொத்தாம்பொதுவாகச் சொல்வது உண்மையில் ஒரே கோளாறு இல்லை. வன்பொருளை இயக்கும் மென்பொருளான டிரைவரே இல்லாமல் இருக்கலாம். டிரைவர் இருந்து, அது கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு இல்லாமல் இருக்கலாம். இரண்டும் இருந்தும் கையொப்பம் சரியில்லை என்று லினக்ஸின் மையமான கர்னல் உள்ளே விடாமல் இருக்கலாம். மதர்போர்டின் பயாஸ் அமைப்பு வன்பொருளையே மறைத்து வைத்திருக்கலாம். திரையில் எல்லாமே ‘டிஸ்க் இல்லை’, ‘நெட்வொர்க் இல்லை’ என்றுதான் வரும். ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றில் வினையாக முடியும். அதனால், எதையும் தரவிறக்குவதற்கு முன், எதையும் கழற்றுவதற்கு முன், இரண்டு எண்களைப் பார்த்துவிடுங்கள்.

முதல் எண் பிசிஐ அடையாள எண், மதர்போர்டில் செருகிய கார்டு இன்னதென்று சொல்வது. இன்ஸ்டாலருக்குள்ளேயே கட்டளை கொடுக்கும் ஷெல் இருக்கிறது. ரெட்ஹேட் வகை இன்ஸ்டாலரில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். டெபியனில் ஆல்ட், எஃப்2 அழுத்தி ஒரு என்டர். உபுண்டு சர்வரில் உதவி மெனுவிலேயே ஷெல் இருக்கிறது. அங்கே எல்எஸ்பிசிஐ கட்டளையை என், என், கே என்ற தெரிவுகளோடு கொடுத்தால் ஒவ்வொரு கார்டுக்கும் சதுர அடைப்புக்குள் 1000:0060 என்பது போல ஒரு ஜோடி வரும். முன்பாதி தயாரிப்பாளர், பின்பாதி சிப். (இன்டெலின் எண் 8086. 1978இல் வந்த அவர்களுடைய பிராசசரின் பெயரையே போட்டுக்கொண்டார்கள். பொறியாளர்களுக்கும் குசும்பு உண்டு.) கார்டின் மேல் ஒட்டியிருக்கும் வணிகப் பெயரை நம்ப வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு தலைமுறை சிப் வருவதுண்டு. கர்னல் முக்கியமாகப் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

அந்த வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள் வரவேண்டும். எந்த டிரைவர் இப்போது பயன்பாட்டில் இருக்கிறது என்று ஒன்று, எந்த மாட்யூல்கள் (கர்னலில் ஏற்றும் டிரைவர் கோப்புகள்) இந்தக் கார்டுக்குப் பொருந்தும் என்று ஒன்று. மாட்யூல் வரி இருந்து, பயன்பாட்டு வரி இல்லை என்றால் டிரைவர் முயன்று தோற்றிருக்கிறது அல்லது இன்னும் ஏற்றப்படவில்லை. இரண்டு வரியுமே இல்லை என்றால் அந்த எண்ணை இந்தக் கர்னலில் யாருமே சொந்தம் கொண்டாடவில்லை. கார்டே பட்டியலில் இல்லை என்றால் டிரைவரைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. பயாஸ், ஸ்லாட், கார்டு என்று போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

அன்று இரவு எங்களுக்கு வந்தது இரண்டாவது வகை. ஆனால் ஒரு வேடிக்கை. மாட்யூலின் பெயர் எனக்கு மனப்பாடம் என்பதால் மோட்புரோப் கொடுத்து நானே ஏற்றச் சொன்னேன். ஒரு பிழையும் வரவில்லை. அமைதியாக ஏறியது. டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கொடுத்தால் இன்னும் காலி. டிரைவர் இருக்கிறது, கார்டு இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை! மோட்இன்ஃபோ கொடுத்து, அந்த மாட்யூல் ஏற்கும் எண்களின் பட்டியலை எடுத்தோம். பழைய பதிப்பின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிட்டது. பெயர் அப்படியே இருந்தது. எங்கள் கார்டின் எண்ணை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

இது யாருடைய தவறும் இல்லை, என்னுடையதைத் தவிர. வெளியீட்டுக் குறிப்பில் அச்சடித்தது போல இருந்ததை நான் படிக்கவில்லை. நிறுவனங்களுக்கான லினக்ஸ் பதிப்புகள், இனி ஆதரிக்கப்போவதில்லை என்று முடிவு செய்த வன்பொருளை இப்படி எண் வாரியாக நீக்குவது வழக்கம். 2019இல் வந்த ரெட்ஹேட் 8 பதிப்பு, மெகாரெய்டு சாஸ், எம்பிடி3சாஸ் போன்ற மாட்யூல்களில் பழைய கார்டுகளின் எண்களை எடுத்தது, சில பழைய மாட்யூல்களை முழுதாகவே விட்டுவிட்டது. அதே குடும்பத்தில் வரும் அல்மாலினக்ஸ் 2024இல் தனது 9.4 பதிப்பில் அப்படி நீக்கப்பட்ட பல எண்களைத் திரும்பச் சேர்த்தது. ஆக, கார்டை மாற்றுவதா, டிரைவரைச் சேர்ப்பதா, பதிப்பை மாற்றுவதா என்று மூன்று வழிகள் இருக்கின்றன. எண் கையில் இருந்தால்தான் இந்த மூன்றையும் யோசிக்கவே முடியும்.

நாங்கள் டிரைவரைச் சேர்த்தோம். எல்ரெப்போ என்ற தன்னார்வக் களஞ்சியம் இப்படி விடுபட்ட கார்டுகளுக்காக ‘டிரைவர் அப்டேட் டிஸ்க்’ என்ற சிறிய ஐஎஸ்ஓ கோப்புகளைத் தருகிறது. அதை ஒரு யுஎஸ்பியில் எழுதி, பூட் மெனுவில் இ விசையை (பழைய பயாஸ் முறையில் டேப் விசையை) அழுத்தி, கர்னல் வரியின் கடைசியில் ‘இன்ஸ்ட் டாட் டிடி’ என்ற தெரிவைச் சேர்த்துத் தொடர வேண்டும். யுஎஸ்பியின் லேபிள் பெரிய எழுத்துகளில் ‘ஓஇஎம்டிஆர்வி’ என்று இருந்தால் அதுகூட வேண்டாம், இன்ஸ்டாலர் தானாகவே எடுத்துக்கொள்ளும். ஐஎஸ்ஓ எந்தச் சிறு பதிப்புக்கானது என்று மட்டும் கவனமாகப் பாருங்கள். 8.6க்கானதை 8.9இல் போட்டுவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

பதிப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? விண்டோஸில் பழகியவர்கள் தயாரிப்பாளர் தளத்துக்குப் போய் டிரைவரை இறக்கி இரண்டு முறை கிளிக் செய்வார்கள். லினக்ஸில் டிரைவர் என்பது கர்னலின் ஓர் உறுப்பு. கர்னலின் உள் அமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும், மாறாது என்று கர்னலை உருவாக்குகிறவர்கள் உறுதி தருவதில்லை. ஒரு கர்னலுக்காகக் கம்பைல் செய்த மாட்யூலை இன்னொன்றில் போட்டால் ‘இன்வாலிட் மாட்யூல் ஃபார்மட்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கர்னல் மாட்யூலுக்கு மேல் ஒரு காவலும் கிடையாது, நிர்வாகிக் கணக்கான ரூட்டை விடப் பெரிய அதிகாரம் அதற்கு. நடு இரவில் அவசரத்தில், பேர் தெரியாத ஒரு தளத்தில் யாரோ ஏற்றி வைத்த மாட்யூல் கோப்பை சர்வரில் போடுவது வீட்டுச் சாவியைத் தெருவில் போகிறவரிடம் கொடுப்பதற்குச் சமம்.

மாட்யூலைத் தந்தது யார் என்று உறுதி செய்யும் மின்னணுக் கையொப்பம் இங்கேதான் வருகிறது. கையொப்பம் இல்லாததைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கும் இயந்திரத்தில், கர்னலுக்குத் தெரிந்த சாவியால் கையொப்பமிடாத மாட்யூலை ஏற்றினால் ‘ரிக்வயர்டு கீ நாட் அவைலபிள்’ என்று வரும். உடனே எல்லோரும் செய்வது பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை அணைப்பது. தற்காலிகமாகத்தான் என்பார்கள். அணைத்ததைத் திரும்பப் போட்டவரை நான் இதுவரை பார்த்ததில்லை. டிரைவர் தருபவரின் பொதுச் சாவியை மோக்யூடில் கட்டளையால் பதிவு செய்வதே முறை. இயந்திரத்தில் பழைய லினக்ஸ் இன்னும் பூட் ஆகிறதென்றால், இன்ஸ்டாலைத் தொடங்கும் முன்பே அதிலிருந்து பதிவு செய்துவிடலாம். சாவி மதர்போர்டின் நினைவகத்தில் உட்காருவதால் டிஸ்க்கை அழித்தாலும் அது போகாது. அடுத்த ரீபூட்டில் ஒரு நீலத் திரை வந்து பத்து விநாடி காத்திருக்கும். அதற்குள் ஒரு விசையை அழுத்தாவிட்டால் பேசாமல் பூட் ஆகிவிடும், பதிவு நடக்காது. தொலைவிலிருந்து எஸ்எஸ்எச்சில் செய்பவர்கள் ரிமோட் கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ரீபூட் கொடுக்க வேண்டும். நான் இதில் ஒருமுறை மாட்டியிருக்கிறேன்.

இரண்டாவது எண், கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் கிடைக்கும். டிரைவர் தோற்கும்போது கர்னல் ஒரு மைனஸ் எண்ணை விட்டுவிட்டுப் போகும். பெரும்பாலோர் ‘ஃபெயில்டு’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விஷயமே அந்த எண்ணில்தான் இருக்கிறது. -2 என்றால் கோப்பு இல்லை. ஃபர்ம்வேர் லோட் செய்கிற வரியில் இது வந்தால் டிரைவரில் குறை இல்லை, அது கேட்கிற கோப்பை மட்டும் கொடுக்க வேண்டும். கோப்பின் பெயரும் அதே வரியில் இருக்கும். பிஎன்எக்ஸ்2 நெட்வொர்க் கார்டு உள்ள சர்வரில் பழைய டெபியன் ஏற்றியவர்களுக்கு இது பழகிய காட்சி. கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேரை டெபியன் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரில் சேர்க்காமல் இருந்தது. 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023இல் வந்த டெபியன் 12 முதல் சேர்த்துவிட்டார்கள். -12 என்றால் நினைவகம் ஒதுக்க முடியவில்லை. -19 என்றால் அப்படி ஒரு சாதனமே இல்லை. -110 என்றால் கேட்ட கேள்விக்குக் கெடு தாண்டியும் பதில் வரவில்லை. இந்தக் கடைசி எண்ணைப் பார்த்தால் நான் வேறு டிரைவர் தேட மாட்டேன். டிரைவர் கூப்பிடுகிறது, கார்டுதான் பேசவில்லை. கார்டின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, ஸ்லாட் மாற்றிப் பார்ப்பேன்.

பயாஸ் மறைக்கிற கதை தனி. மதர்போர்டோடு வரும் ரெய்டு பலவற்றில் உண்மையான ரெய்டு சிப் கிடையாது, வேலையெல்லாம் மென்பொருளில்தான். அந்த முறையில் லினக்ஸ் டிஸ்க்கைப் பார்க்காமல் போவதுண்டு. டிஸ்க்குகளை நேரடியாகக் காட்டும் ஏஎச்சிஐ முறைக்கு மாற்றினால் உடனே தெரிந்துவிடும். லினக்ஸின் சொந்த மென்பொருள் ரெய்டான எம்டி அதைவிட நம்பகமானது என்பது என் அனுபவம். ஆனால் அந்த டிஸ்க்கில் ஏற்கெனவே தரவு இருந்தால் இந்த அமைப்பைத் தொடாதீர்கள். பழைய தொகுதி கலைந்துபோகலாம்.

டிரைவரே சம்பந்தப்படாத டிரைவர் எரரும் உண்டு. டெபியன் இன்ஸ்டாலர் நன்றாக பூட் ஆகிவிட்டு, நடுவில் “சிடி டிரைவ் கிடைக்கவில்லை, டிரைவர் இருக்கும் வட்டைச் செருகுங்கள்” என்று கேட்கும். சர்வரில் சிடி டிரைவே இருக்காது! யுஎஸ்பியை வேறு போர்ட்டில் மாற்றிச் செருகினால் அல்லது ஐஎஸ்ஓவை வேறு கருவியால் மறுபடி எழுதினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இன்ஸ்டாலரின் கோப்புகளைப் படிக்க முடியாமல் ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர் என்று வரிசையாகக் கொட்டினாலும், முதலில் ஐஎஸ்ஓ சிதையாமல் இருக்கிறதா என்று அதன் செக்சம்மைச் சரிபாருங்கள். திரை மட்டும் கறுப்பாகி நின்றால் கர்னல் வரியில் ‘நோமோட்செட்’ சேருங்கள். வன்பொருள் புதிது, கர்னல் பழையது என்றால் உபுண்டு சர்வரின் பூட் மெனுவில் எச்டபிள்யூஇ என்ற புதிய கர்னல் தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, அந்த சனிக்கிழமைக்கு வருகிறேன். ரீபில்ட் முடியும்வரை காத்திருந்து, விடியும் நேரத்தில் இன்ஸ்டால் முடிந்தது. கதை அங்கே முடியவில்லை. சில மாதம் கழித்து அடுத்த சிறு பதிப்புக்கு அப்டேட் செய்து ரீபூட் கொடுத்தோம். பூட்டின் தொடக்க வேலையைச் செய்யும் டிராகட்டிலிருந்து டைம்அவுட், டைம்அவுட் என்று திரை நிறைய வரிகள், கடைசியில் எமர்ஜென்சி ஷெல். வெளியிலிருந்து சேர்த்த டிரைவர் புதிய கர்னலோடு ஒட்டவில்லை. அதனால் பூட்டின்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் அது போகவே இல்லை. மென்பொருளை நிறுவும் டிஎன்எஃப் வழக்கமாக மூன்று கர்னல்களை விட்டுவைக்கும் என்பதால், கிரப் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்விட்டோம்.

இப்போது அந்த சர்வரில் கர்னல் அப்டேட் தானாக நடக்காது, விலக்குப் பட்டியலில் இருக்கிறது. கையால் செய்யும்போது முதலில் எல்ரெப்போவில் புதிய பதிப்புக்கான மாட்யூல் வந்துவிட்டதா என்று பார்ப்போம். அப்டேட் முடிந்ததும், ரீபூட்டுக்கு முன், எல்எஸ்இனிட்ஆர்டி கொடுத்து புதிய இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் மாட்யூல் பெயர் இருக்கிறதா என்று தேடுவோம். டிஸ்க்கை உருவிய அதே தம்பிதான் இதைச் செய்கிறார். அந்த ஒற்றை வரியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, நான் சரி என்று சொன்ன பிறகுதான் ரீபூட் கொடுக்கிறார்.