ஒரே கறை இரண்டு இடத்தில்: ஆய்வுப் படங்கள் சரிபார்க்கப்படும் விதம்

உயிரியல் ஆய்விதழ் எதைப் புரட்டினாலும், சாம்பல் நிறப் பின்புலத்தில் கறுத்த பட்டைகள் வரிசையாகக் கிடக்கும் படம் ஒன்று கண்ணில் படும். அதற்கு வெஸ்டர்ன் பிளாட் என்று பெயர். திசுவிலிருந்து எடுத்த புரதங்களை ஜெல் எனும் கூழ் போன்ற மெல்லிய தகட்டில் இட்டு மின்சாரம் பாய்ச்சினால், சிறியவை வேகமாகவும் பெரியவை மெதுவாகவும் நகர்ந்து பிரிகின்றன. பிறகு அவற்றைத் தாள் போன்ற சவ்வுக்கு மாற்றி, தேடும் புரதத்தோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியைச் சேர்த்தால், அந்தப் புரதம் இருக்கும் இடத்தில் பட்டை தோன்றுகிறது. பட்டை அடர்ந்திருந்தால் புரதம் அதிகம், மங்கியிருந்தால் குறைவு. பல கட்டுரைகளின் முடிவு முழுவதும் இந்தப் பட்டைகளின் மீதே நிற்பதால், அதில் ஒன்றைத் திருத்துவது நிலப் பத்திரத்தில் சர்வே எண்ணைத் திருத்துவதற்கு ஒப்பான செயல்.

இரண்டு பட்டைகள் அச்சு அசலாக ஒன்றுபோல் அமைவதில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றின் ஓரம் பிசிறியிருக்கும், மற்றொன்றின் நுனி சற்று மேலே வளைந்திருக்கும், அருகில் எங்காவது ஒரு தூசிப் புள்ளி ஒட்டியிருக்கும். அந்தப் புள்ளி, அதே தொலைவில், அதே வடிவத்தில் இன்னொரு பட்டையின் பக்கத்திலும் காணப்பட்டால், ஒன்று மற்றொன்றின் நகல் என்று ஐயுற வலுவான காரணம் உண்டு. படத்தின் மாறுபாட்டை, அதாவது வெளிச்சத்துக்கும் கருமைக்கும் உள்ள வேறுபாட்டை, கணினியில் மிகுதியாக்கினால், வெறும் வெளியாகத் தெரிந்த பின்புலத்தில் ஒட்டப்பட்ட துண்டின் செவ்வக விளிம்பு வெளிப்பட்டுவிடுவதும் உண்டு.

இந்தச் சோதனையை முறையாக முதலில் செய்யத் தொடங்கிய இதழ்களில் ஒன்று 'ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி'. தவறான கோப்பு வடிவில் வந்த ஒரு படத்தை மாற்றியமைத்தபோது, சில பட்டைகள் மட்டும் தனியே திருத்தப்பட்டிருப்பதை அதன் மேலாண்மை ஆசிரியர் மைக் ராஸ்னர் கவனித்தார். 2002 முதல், ஏற்கப்பட்ட எல்லாக் கட்டுரைகளின் படங்களையும் அந்த இதழ் சோதித்தது. அது வகுத்த விதிகள் எளியவை: ஒளியையும் மாறுபாட்டையும் மாற்றலாம், ஆனால் படம் முழுவதற்கும் ஒரே அளவில் மாற்ற வேண்டும், எந்தப் பகுதியையும் தனியே அழிக்கவோ, அழுத்திக் காட்டவோ, நகர்த்தவோ கூடாது, வெவ்வேறு ஜெல்களின் பகுதிகளைச் சேர்த்தால் இடையில் கோடு போட்டுக் காட்ட வேண்டும். ஏற்கப்பட்ட கட்டுரைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று ஏதாவதொரு விதியை மீறியிருந்தது. அவற்றுள் பெரும்பாலானவை அறியாமையால் நேர்ந்தவை. ஏறக்குறைய 1 சதவீதக் கட்டுரைகளுக்கு மட்டுமே அனுமதி திரும்பப் பெறப்பட்டது.

அழகுபடுத்துவதற்கும் பொய்யாக்குவதற்கும் இடையிலுள்ள எல்லை எவ்வளவு மெல்லியது என்பதற்கு ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்திலிருந்து வெளிவந்த 'ஸ்டாப்' செல் ஆய்வு சான்று. சாதாரண செல்களை அமிலம் போன்ற அழுத்தத்துக்கு உட்படுத்தினால் அவை எவ்வகைச் செல்லாகவும் மாறவல்ல செல்களாகிவிடும் என்றது அந்த ஆய்வு. 2014 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வந்த அந்தக் கட்டுரையில், ஒரு ஜெல்லின் வரிசை வேறொரு ஜெல்லின் நடுவே கோடில்லாமல் பொருத்தப்பட்டிருந்தது. தெளிவாகக் காட்டவே அப்படிச் செய்ததாக ஆய்வாளர் விளக்கமளித்தார்; நிறுவனத்தின் விசாரணைக் குழுவோ அதைத் தரவுத் திரிப்பு என்றே தீர்மானித்தது. அந்தத் தீர்ப்பு சரியானது என்றே கருதுகிறேன். வாசகருக்குத் தெரியாமல் செய்த திருத்தத்தின் நோக்கத்தை வாசகரால் அளக்க முடியாது. அதே ஆண்டு ஜூலையில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

2016-இல் நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக் இரு சக ஆய்வாளர்களுடன் வெளியிட்ட ஆய்வு, பிரச்சினையின் பரப்பைக் காட்டியது. 40 இதழ்களின் 20,621 கட்டுரைகளைக் கண்ணால் பார்த்தே சோதித்ததில், 3.8 சதவீதக் கட்டுரைகளில் ஐயத்துக்குரிய படங்கள் இருந்தன. அவற்றில் பாதிக்காவது வேண்டுமென்றே செய்த திருத்தத்தின் அடையாளம் தெரிந்தது. இவை அனைத்தும், வெளியிடும் முன் கட்டுரையைப் படித்து மதிப்பிடும் துறை வல்லுநர்களான மதிப்பாய்வாளர்களைக் கடந்து அச்சேறியவை. மதிப்பாய்வாளர் வாதத்தின் ஓட்டத்தையே பெரும்பாலும் பார்க்கிறார். படத்தைப் பெரிதாக்கித் தூசிப் புள்ளிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை அவரிடம் ஒப்படைக்கப்படுவதில்லை.

ஐயம் எழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு, 1997-இல் பிரிட்டனில் தொடங்கிய 'கோப்' எனும் பதிப்பு நெறிமுறைக் குழு வழிகாட்டுதல்கள் தந்துள்ளது. இதழாசிரியர் முதலில் கட்டுரையாளரிடம் விளக்கத்தையும் மூலப் படத்தையும் கேட்கிறார். பதில் நிறைவளிக்காவிட்டால், கட்டுரையாளர் பணிபுரியும் நிறுவனத்தை விசாரிக்கச் சொல்கிறார். தவறு உறுதியானாலும் கட்டுரை அழிக்கப்படுவதில்லை. திரும்பப் பெறப்பட்டது என்ற குறியோடு அது அதே இடத்தில் இருக்க, யார் எதற்காகத் திரும்பப் பெற்றார்கள் என்ற அறிவிப்பு கட்டணமின்றி எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்.

இந்த நடைமுறையின் பெருங்குறை தாமதம். அல்சைமர் நோய் பற்றி 2006-இல் 'நேச்சர்' வெளியிட்ட ஒரு கட்டுரையை 2,300-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் மேற்கோள் காட்டிவிட்ட பிறகே, 2022-இல் அதன் வெஸ்டர்ன் பிளாட் படங்கள் மீதான ஐயம் பரவலாக வெளிச்சத்துக்கு வந்தது. 2024 ஜூனில் அது திரும்பப் பெறப்பட்டபோது, ஒட்டுவேலை, நகலெடுப்பு, அழிப்பான் கருவி ஆகியவற்றின் தடயங்களை அறிவிப்பு குறிப்பிட்டது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு மூலப் படத்தைத் தேடினால், அது கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. வெட்டப்படாத முழு ஜெல் படத்தைக் கட்டுரையோடே கேட்டு வாங்கும் இதழ்கள் இப்போது பல உள்ளன; எல்லா இதழ்களும் அதைக் கட்டாயமாக்கினால், அந்தத் தேடலே தேவைப்படாது.