ஷாம்புவில் முன்கூட்டியே தண்ணீர் கலக்காதீர்கள்

"மேடம், நீங்க குடுத்த ஷாம்பு பால் மாதிரி திரிஞ்சுபோச்சு!" ஒரு அழகு நிலையத்திலிருந்து வந்த போன் இது. ஷாம்பு தயாரிப்பில் இருப்பதால் நேரிலேயே போய்ப் பார்த்தேன். பாட்டிலின் அடியில் வெள்ளையாக, கொழகொழவென்று ஏதோ தங்கியிருந்தது. விசாரித்தால், சிக்கனத்துக்காக ஒரு பங்கு ஷாம்புவுக்கு ஏழெட்டுப் பங்கு தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார்கள்.

சரக்கு கெட்டுப்போகவில்லை. தலையில் செய்ய வேண்டிய வேலையைப் பாட்டிலுக்குள்ளேயே செய்துவிட்டது.

கண்டிஷனிங் ஷாம்புவில் அழுக்கை எடுப்பது சர்ஃபாக்டன்ட். பெரும்பாலும் சோடியம் லாரெத் சல்பேட். எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் கொண்டது. முடியை மென்மையாக்க, நேர் (பாசிட்டிவ்) மின்னூட்டம் கொண்ட பாலிமரை, அதாவது இழை போன்ற நீண்ட மூலக்கூறைச் சேர்க்கிறோம். அது பல ஷாம்புகளில் கொத்தவரை விதையின் பிசினிலிருந்து வருகிறது. ஆமாம், நாம் பொரியல் செய்யும் அதே கொத்தவரைதான்.

எதிரெதிர் மின்னூட்டம் என்றால் ஒட்டிக்கொள்ள வேண்டுமே, பாட்டிலில் ஏன் தெளிவாக இருக்கிறது? அங்கே சர்ஃபாக்டன்ட் மிக அதிகம். அதன் மூலக்கூறுகள் மைசெல் என்னும் நுண்ணிய திரள்களாகிப் பாலிமர் இழையை அளவுக்கு மீறி மொய்க்கின்றன. இழை முழுவதும் எதிர் மின்னூட்டமாகிவிடுவதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கரைந்தே இருக்கின்றன. தண்ணீர் சேரச் சேர மொய்த்தவை விலகும். இரண்டு மின்னூட்டமும் சமனாகும் கட்டத்தில் தள்ள எதுவும் இல்லை. பாலிமரும் சர்ஃபாக்டன்டும் ஒட்டிச் சேர்ந்த கூட்டு, தண்ணீரிலிருந்து தனியாகப் பிரிந்து வந்துவிடும்.

இதை நான் கசடு என்று சொல்லவே மாட்டேன். இப்படிப் பிரியும் கூட்டுகளை எக்ஸ்ரே சிதறலில் ஆராய்ந்தால், சிலவற்றில் மைசெல்கள் உருளைகளாக நீண்டு, சுமார் 4 நானோமீட்டர் இடைவெளியில் தேனடை போல அறுகோணமாக அடுக்கியிருக்கும். சிலவற்றில் தாள் தாளாக இருக்கும். யாரும் அடுக்கவில்லை. பாலிமரும் சர்ஃபாக்டன்டும் சேரும்போது, அவற்றோடு ஒட்டியிருந்த சோடியம், குளோரைடு அயனிகள் விடுபட்டுத் தண்ணீரில் தாராளமாகத் திரிகின்றன. இந்த விடுதலைதான் முக்கிய உந்துசக்தி.

தலையை அலசும்போது இதே கூட்டு முடியின் மேல் உருவாகிப் படிய வேண்டும். முடியின் பரப்பு எதிர் மின்னூட்டம் கொண்டது; ப்ளீச் செய்து சேதமான இடத்தில் அது இன்னும் கூடும். அங்கேதான் அதிகம் படியும்.

அதனால்தான் சொல்கிறேன், சாஷே ஷாம்புவை மக்கில் தண்ணீரோடு கலக்கித் தலையில் ஊற்றும் வழக்கத்தை விடுங்கள். கூட்டு மக்கிலேயே உருவாகித் தனியாகப் பிரிந்துவிடும். ஒரு பகுதிதான் முடிக்கு வரும், மிச்சம் சாக்கடைக்குப் போகும். தலையை நன்றாக நனைத்து, ஷாம்புவை உள்ளங்கையில் எடுத்து நேராகத் தேய்த்து, அப்புறம் அலசுங்கள்.

தண்ணீர் கலந்து நாள்கணக்கில் வைப்பது இதைவிட மோசம். கிருமியைத் தடுக்கும் பொருளும் நீர்த்துப்போய், பாக்டீரியா வளர இடம் கிடைக்கும். அந்த நிலையத்தில், "குலுக்கிட்டு யூஸ் பண்ணலாமா?" என்று கேட்டார்கள். கொட்டிவிடச் சொன்னேன்.