டோர் பேட் ஊதினால் அட்டையைத் திட்டாதீர்கள்

பழைய அம்பாசடர், பத்மினி, மாருதி 800 வைத்திருப்பவர்கள் குஷன் கடைக்கு வந்தால், சீட்டுக்கு அடுத்தபடியாகக் காட்டுவது கதவின் உள்பக்கத்தைத்தான். அங்கே ரெக்சின் ஒட்டி மாட்டியிருக்கும் அட்டையின், அதாவது டோர் பேடின், கீழ் ஓரம் ஊதியிருக்கும். ரெக்சின் சுருண்டு மேலே ஏறியிருக்கும். கிளிப் பிடிக்கிற ஓட்டை பிய்ந்துபோய், கதவைச் சாத்தும்போதெல்லாம் அட்டை தகரத்தில் மோதிச் சத்தம் போடும். "வயசாயிடுச்சுங்க, புதுசா அடிச்சுக் குடுத்துருங்க" என்பார்கள்.

அடித்துக் கொடுத்துவிடலாம். அம்பாசடரும் மாருதி 800-ம் 2014-லேயே உற்பத்தி நின்றுபோனவை. கம்பெனி டோர் பேட் கிடைக்காவிட்டாலும், தட்டை அட்டையில் ரெக்சின் இழுத்து ஒட்டிய வேலை என்பதால் கையாலேயே செய்துவிட முடியும். ஆனால் அட்டை வயதாகி ஊதுவதில்லை. நாற்பது வருடத்துப் பத்மினியில் அசல் அட்டை விறைப்பாக நிற்பதும் உண்டு. போன வருடம் போட்ட புது அட்டை அப்பளமாக நெளிந்து வருவதும் உண்டு. வித்தியாசம் அட்டைக்குப் பின்னால் இருக்கிறது.

கதவுக்குள் தண்ணீர் போகும். இது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. உடுமலைப் பக்கத்து விவசாயி ஒருவர், "ஏந் தம்பி, ரப்பர் நல்லாத்தானுங்களே இருக்குது, அப்புறம் எப்படி உள்ள தண்ணி வருது?" என்று விடாமல் கேட்டார். ரப்பர் புதிதாக இருந்தாலும் வரும். கண்ணாடி ஏறி இறங்க ஒரு சந்து வேண்டும். அந்தச் சந்தில் ரப்பரோ ஃபெல்ட்டோ கண்ணாடியைத் துடைக்குமே தவிர, அடைக்காது. மழையில் நனைந்த கண்ணாடி வழியாகத் தண்ணீர் கதவின் வயிற்றுக்குள் இறங்கி, அடியில் விட்டிருக்கும் வடிகால் ஓட்டைகள் வழியாக வெளியே போய்விடும். வண்டியை வடிவமைத்தவர்கள் தெரிந்தே வைத்த ஏற்பாடு இது.

அந்தத் தண்ணீரின் சிதறலும் ஈரக்காற்றும் அட்டையைத் தொடாமல் இருக்க, தகரத்துக்கும் டோர் பேடுக்கும் நடுவில் ஒரு பாலிதீன் ஷீட் ஒட்டியிருப்பார்கள். சில வண்டிகளில் தார் பூசிய காகிதம். டோர் பேடின் ஆயுள் முழுக்க இந்த ஷீட்டின் கையில்தான் இருக்கிறது.

அது எப்படிக் காணாமல் போகிறது? கண்ணாடி ஏற்றும் மிஷின் பழுதாகும், அல்லது லாக் இறுகும். மெக்கானிக் டோர் பேடைக் கழற்றுவார். ஷீட் குறுக்கே நிற்கும், கிழித்து எறிவார். வேலை முடிந்ததும் பேடை மட்டும் மாட்டிவிடுவார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடுத்த மழையில் அட்டை குடிக்கத் தொடங்கும். என்னிடம் வரும் ஊதிய பேடுகளில் பெரும்பாலானவற்றின் பின்னால் ஷீட் இருப்பதில்லை, இல்லாவிட்டால் கிழிந்த துணுக்கு ஒன்று பசையில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொரு காரணம் வடிகால் அடைப்பு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் சாரல் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்து வண்டிகளை நாள்கணக்கில் ஈரமாகவே வைத்திருக்கும். அங்கேயே நார் மில்லுக்குப் போய்வரும் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். தென்னை நார்க்கழிவுத் தூள் தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; வடிகால் ஓட்டையில் அது போய் உட்கார்ந்தால் கதவு ஒரு தொட்டிதான். காங்கயம், தாராபுரம் பக்கம் மழை குறைவு, ஆனால் காற்றும் புழுதியும் அதிகம். வருடம் முழுக்கச் சேரும் மண் ஓட்டையை அடைத்துவிடும், ஐப்பசியில் கொட்டுகிற ஒரே மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். துரு பிடிக்காமல் இருக்க அடியில் கோட்டிங் அடிப்பவர்கள் கவனமில்லாமல் ஓட்டையையும் சேர்த்து மூடிவிடுவதும் நடக்கிறது.

வண்டியைக் கடைக்குக் கொண்டுபோகும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, வெளிப்பக்கம் ஒரு சொம்பு தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சற்று நேரத்தில் கதவின் அடியில் சொட்ட வேண்டும். சொட்டவில்லை, கதவை ஆட்டினால் உள்ளே சலக்கென்று சத்தம் கேட்கிறது என்றால், அட்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அடியில் ஒரு கம்பி விட்டுக் குத்துங்கள். தகரம் ஏற்கெனவே பொரிந்துபோயிருந்தால் டிங்கரிங் முடித்துவிட்டுத்தான் குஷன் கடைக்கு வர வேண்டும்.

கழற்றும்போதே பாதி சேதம் நடந்துவிடுகிறது. மாருதி 800-இல் கண்ணாடி சுற்றும் கைப்பிடிக்குப் பின்னால் குதிரை லாடம் போன்ற ஒரு ஸ்பிரிங் கிளிப் இருக்கும். ஸ்குரூ டிரைவர் போட்டு நெம்பினால் ரெக்சின் கிழியும். திருப்பூர் பனியன் வேஸ்ட் துணியில் ஒரு பட்டை எடுத்துக் கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவில் நுழைத்து, ஷூவுக்குப் பாலிஷ் போடுகிற மாதிரி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்தால், துணி கிளிப்பின் நுனியில் மாட்டி அதைத் தெறிக்க விடும். எங்கே போய் விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், அது சின்னப் பொருள். பேடை எடுக்கும்போது ஒவ்வொரு கிளிப்புக்கும் நேராகக் கையை விட்டு நெம்ப வேண்டும். ஒரு மூலையைப் பிடித்து மொத்தமாக இழுத்தால் ஊறிய அட்டை கிளிப்பைத் தகரத்திலேயே விட்டுவிட்டு வரும்.

சரி, புது அட்டைக்கு எதைப் போடுவது? அந்தக் காலத்து வண்டிகளில் இருந்தது ஹார்ட்போர்டு, ஏறக்குறைய 3 மி.மீ. கனம். 1924-இல் அமெரிக்காவில் வில்லியம் மேசன் கண்டுபிடித்த முறை: மரத்தை நீராவியில் நாராக உடைத்து, சூட்டில் அழுத்தினால் மரத்திலுள்ள லிக்னின் என்ற இயற்கைப் பசையே நாரைப் பிணைத்துக்கொள்ளும். பின்பக்கம் வலை மாதிரி ஒரு தடம் இருக்கிறதே, அழுத்தும்போது ஆவி வெளியேற வைத்த வலையின் அச்சு அது. நல்ல ஹார்ட்போர்டு இன்றைக்கும் மோசமில்லை. அதன் முகம் தாங்கும், ஓரமும் ஓட்டையும்தான் குடிக்கும். வெட்டிய ஓரம், துளைத்த ஓட்டை, பின்முகம் எல்லாவற்றுக்கும் வார்னிஷ் இரண்டு கை அடித்து, முழுக்கக் காய்ந்த பிறகு ரெக்சின் ஒட்டினால் போதும். பல கடைகளில் இந்த ஒரு வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள். வார்னிஷ் காய ஒரு நாள் வண்டி நிற்க வேண்டுமே.

எம்.டி.எஃப். (மரநாரைப் பசை கலந்து அழுத்திய பலகை) வேண்டவே வேண்டாம். வெட்டுவதற்கு வெண்ணெய் மாதிரி இருக்கும், ஆனால் சாதாரண எம்.டி.எஃப். ஈரம் பட்டால் பொங்கிவிடும், மறுபடி அமுங்காது. ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட் 4 மி.மீ. போடலாம், தண்ணீருக்கு அசையாது. ஆனால் கனம் கூடுவதால் பழைய கிளிப்பின் கழுத்து எட்டாமல் போகும், வளைவுள்ள கதவில் படியாது. போர்டு எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் பி.வி.சி. ஃபோம் ஷீட்டை நிறையப் பேர் கேட்கிறார்கள். நனையாது என்பது உண்மைதான். சித்திரை வெயிலில் கண்ணாடி மூடி நிற்கும் காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது அது தளர்ந்து, கிளிப்புக்கும் கிளிப்புக்கும் நடுவில் தொங்கிவிடும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வளைவில்லாத கதவுக்கு ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் ஷீட் நல்ல மாற்று, விலைதான் கொஞ்சம் கூடுதல்.

ஊதிய பழைய அட்டையை அப்படியே வைத்து வரைந்து வெட்டாதீர்கள். அதன் கீழ் ஓரம் உண்மையான அளவில் இல்லை. மேல் பாதியைப் பழைய அட்டையிலிருந்தும், கீழ்ப் பாதியைக் கதவிலிருந்தும் ஒரு சார்ட் அட்டையில் எடுத்துச் சேர்க்க வேண்டும். கிளிப் ஓட்டைகளைக் குறிக்க, கதவிலுள்ள ஓட்டைகளின் விளிம்பில் சாக்பீஸ் தூளைத் தடவி, சார்ட்டை வைத்து அழுத்தினால் அச்சு விழுந்துவிடும். இடது கதவுக்கு எடுத்ததைத் திருப்பி வலதுக்குப் போட்டால் சரியாக வரும் என்று நினைப்பது இயல்பு. அம்பாசடரில் அந்த நம்பிக்கை கூடாது. ஒருமுறை அடிபட்டு டிங்கரிங் பார்த்த கதவு என்றால் எந்த வண்டியிலும் கூடாது. நான்கு கதவுக்கும் தனித்தனியாக வைத்துப் பார்த்து, சார்ட்டிலேயே முன் இடது, பின் வலது என்று எழுதிவிடுவது நல்லது. ரெக்சின் ஓரத்தில் மடிந்து வரும் கனத்துக்காகச் சுற்றிலும் ஒன்றரை, இரண்டு மி.மீ. குறைத்து வெட்டாவிட்டால், மாட்டும்போது முட்டும்.

ரெக்சினுக்கு அடியில் மெத்தென்று இருக்க வைக்கும் ஃபோம் சாதாரண சீட் ஃபோமாக இருந்தால் அது பஞ்சு; ஈரத்தைப் பிடிக்கும், சில வருடத்தில் பொடியாக உதிரும். செருப்புக்குப் போடும் ஈவா ஷீட் 2 மி.மீ. போதும். பசை, ரப்பர் சொல்யூஷன் வகை. வெள்ளைப் பசை ஈரத்தில் விட்டுவிடும். இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்து அழுத்த வேண்டும். அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், மூடிய அறையில் தலையும் சுற்றும். ஷட்டரை இறக்கிவிட்டு வேலை பார்க்கும் கடைகளைக் கண்டால் பயமாக இருக்கிறது.

தீ என்றதும் ஒன்று. வண்டிக்கு உள்ளே போடும் பொருள் எவ்வளவு வேகமாக எரியலாம் என்பதற்கு நம் நாட்டில் ஐ.எஸ். 15061 என்ற தரம் உண்டு. அமெரிக்க விதியில் நிமிடத்துக்கு 102 மி.மீ.க்கு மேல் தீ பரவக் கூடாது. சோபாவுக்கு விற்கும் மலிவு ரெக்சின் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. காருக்கென்று விற்பதைக் கேட்டு வாங்குங்கள். வெயிலில் முன் கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலம் படிகிறதா? அதற்கும் மலிவு ரெக்சின் ஒரு காரணமாக இருக்கலாம்.

மெத்தை கூடக் கூட அழகு என்று சிலர் இரண்டு அடுக்கு ஃபோம் கேட்பார்கள். உள்ளிருந்து கதவைத் திறக்கும் கைப்பிடி முழுக்க நகர இடமில்லாமல் போகும். பின் கதவில் ஒரு குழந்தை உட்கார்ந்து திறக்கத் தெரியாமல் தவித்தால் அந்த அழகை என்ன செய்வது? வேலை முடிந்ததும் நான்கு கதவிலும் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, உள்ளிருந்து திறந்து பாருங்கள். ஸ்பீக்கர் வைப்பதானால் அட்டையை வெட்டும் முன் கண்ணாடியை முழுக்க இறக்கி, காந்தம் அதில் இடிக்காது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கதவுக் கீல் பக்கம் ஒயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால், கதவு திறந்து மூடும்போதெல்லாம் தகர விளிம்பு ஒயரை அறுத்துக்கொண்டே இருக்கும். ஷார்ட் ஆகும் இடம் அதுதான்.

கடைசியாக ஷீட். கட்டட வேலைக்கு விரிக்கும் கனமான பாலிதீன் நன்றாகவே உழைக்கும். அதன் மேல் ஓரத்திலும் இரண்டு பக்க ஓரங்களிலும் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) போட்டுக் கதவில் ஒட்ட வேண்டும். கீழ் ஓரத்தைத்தான் பலர் தவறாகச் செய்கிறார்கள்: அதை வெளியே தொங்கவிடாமல், தகரத்தின் கீழ்த் திறப்பு வழியாகக் கதவுக்குள் செருகிவிட வேண்டும். அப்போதுதான் ஷீட்டில் வழியும் தண்ணீர் கதவுக்குள் சொட்டி வடிகாலுக்குப் போகும். வெளியே விட்டால் அதே தண்ணீர் நேராக அட்டையின் அடியில் இறங்கும். ஷீட் போட்டும் போடாத கதைதான்.

வண்டியைக் கடையில் விடும்போது, "பேடை மாட்டும் முன் ஷீட் ஒட்டியதை நாலு கதவுக்கும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று சொல்லிவிடுங்கள். கண்ணாடி வேலைக்கு மெக்கானிக்கிடம் விடும்போதும் இதையே சொல்லுங்கள். பழைய பேடை எடைக்குப் போட்டுவிட வேண்டாம், ஊதியிருந்தாலும் பரவாயில்லை. பழைய வண்டி சேகரிப்பவர்கள் அசல் ரெக்சினில் சூட்டில் பதித்த கோடுகளைப் பார்த்துத்தான் புது பேட் செய்யச் சொல்வார்கள், அந்தக் கோடுகள் வேறெங்கும் கிடைக்காது.