முன்காலில் இருக்கிறது வேகம்

ஞாயிற்றுக்கிழமை காலை வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் டென்னிஸ் பால் மேட்ச் நடக்கிற மைதானங்களில், பவுண்டரி கோட்டிலிருந்தே ஓடி வரும் பையன் ஒருவனைக் கட்டாயம் பார்க்கலாம். தூசி பறக்க, முடி பறக்க வருவான். பந்து போய்ச் சேரும்போது மட்டும் கீப்பர் ஸ்டம்பை ஒட்டி நின்றே சாவகாசமாகப் பிடிப்பார். அதே டீமில் ஏழெட்டு அடி வைத்து வந்து போடும் ஒல்லிப் பையனுக்குக் கீப்பர் பத்தடி பின்னால் போய் நிற்பார். "அவனுக்குக் கையில ஏதோ இருக்குடா" என்பார்கள். கையில் ஒன்றும் இல்லை. இருப்பதெல்லாம் முன்காலில், அதாவது பந்தை விடும்போது முன்னால் ஊன்றும் காலில்.

இந்திய வேகப்பந்து வீச்சாளர் ஜஸ்பிரித் பும்ரா ஓடி வருவதை நினைத்துப் பாருங்கள். பாதி தூரம் தத்தித் தத்தி நடை, கடைசியில் சில எட்டு ஓட்டம். ஆனால் பந்து 140 கி.மீ. வேகத்தில் வரும். உலகத் தர வேகப்பந்து வீச்சாளர்களை அளந்து பார்த்தால், கடைசித் தாவலுக்கு வரும்போது அவர்கள் ஓட்டம் மணிக்கு ஏறக்குறைய 20 முதல் 23 கி.மீ. வரைதான். பந்தின் வேகத்தில் இது ஆறில் ஒரு பங்கு. மீதி ஆறில் ஐந்து, முன்கால் தரையைத் தொடுவதற்கும் பந்து கையை விட்டுப் போவதற்கும் இடையில் உண்டாகிறது. அந்த இடைவெளி ஏறத்தாழ 0.1 விநாடி.

மின்ட்டிலிருந்து தண்டையார்பேட்டை போகும் ஷேர் ஆட்டோ திடீரென்று பிரேக் அடித்தால் என்ன ஆகிறது? வண்டி நிற்கிறது, உள்ளே இருப்பவர்கள் முன்னால் பாய்கிறார்கள். வேகப்பந்து வீச்சும் அதே வேலைதான். ஓடி வந்த உடம்பு வண்டி, முன்கால் பிரேக். கால் தரையில் குத்தி நின்றதும் இடுப்புக்கு மேலே உள்ளது எல்லாம் முன்னால் பாய்கிறது. முதலில் இடுப்பு திரும்பி நிற்கிறது, அடுத்து மார்பு, பிறகு தோள், கை, கடைசியில் மணிக்கட்டு. ஒவ்வொன்றும் தான் நின்று, தன் வேகத்தை அடுத்ததிடம் ஒப்படைக்கிறது. பெரிய, கனமான பாகத்தில் தொடங்கி, சிறிய, லேசான பாகத்தில் முடிவதால் சாட்டையின் நுனிபோல் விரல் நுனி சீறுகிறது. பாக்ஸிங் பழகிய வட சென்னைக்காரர்களுக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குத்து தோளில் பிறப்பதில்லை, குதிகாலில் பிறக்கிறது என்று அங்கே முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

இந்தப் பிரேக் சரியாகப் பிடிக்க முன்காலின் முட்டி நேராக நிற்க வேண்டும். மிக வேகமாக வீசுபவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் குணம் இது: முட்டி மடங்காது, மடங்கினாலும் பந்தை விடும் நேரத்தில் மறுபடி நிமிர்ந்துவிடும். முட்டி மடங்கினால் பிரேக் ஷூ தேய்ந்த வண்டிதான்; நிற்கிறது, ஆனால் வழுக்கிக்கொண்டு போய் நிற்கிறது. பவுண்டரியிலிருந்து ஓடி வரும் பையனின் சிக்கல் இதுவே. அவன் ஓட்டம் அவன் முன்கால் தாங்கும் அளவைவிட அதிகம். கால் குத்தியதும் முட்டி உட்கார்ந்துவிடுகிறது, உடம்பு இடது பக்கம் சாய்கிறது, சேர்த்துவைத்த வேகமெல்லாம் தொடைத் தசைக்குள் காணாமல் போகிறது. அவன் ஓட்டத்தை நான்கைந்து எட்டு குறைத்தால் பந்து வேகமாகும். சொன்னால் நம்பமாட்டான், அது வேறு.

இன்னொரு கோளாறு, கை முந்திக்கொள்வது. மார்பு முன்னால் வரும்போது பந்து பிடித்த கை பின்தங்கியே இருக்க வேண்டும். அப்போதுதான் தோள் தசை ரப்பர்போல் இழுபட்டுத் தெறிக்கும். முட்டுச்சந்தில் ஆடிப் பழகிய பிள்ளைகளிடம் இந்தக் கோளாறு நிறைய உண்டு. வரிசையாக பைக் நிற்கிற சந்தில் ஓட இடம் இல்லை. உடம்பு தராததைக் கையிலிருந்து எடுக்கப் பார்க்கிறார்கள். அது முற்றினால் முழங்கையை மடக்கி எறிவதில் முடியும். நம் ஊர் பாஷையில் "மாங்கா". சர்வதேச விதிப்படி, கை தோள் உயரத்துக்கு வந்ததிலிருந்து பந்தை விடும் வரை முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக்கூடாது. பும்ராவின் முழங்கை பின்பக்கமாக வளைவது வேறு சங்கதி. மூட்டு இயல்பிலேயே நேர்கோட்டைத் தாண்டிப் பின்னால் வளைவதை விதி கணக்கில் சேர்ப்பதில்லை.

சரி, பிரேக் பிடித்தால் அதன் அடி எங்கே போகிறது? முன்கால் குத்தும் கணத்தில் தரை திருப்பித் தரும் விசை உடல் எடையைப்போல் சாதாரணமாக 5 முதல் 7 மடங்கு. 75 கிலோ ஆளுக்கு 6 மடங்கு என்று வைத்தால் 450 கிலோ. அதாவது 25 கிலோ அரிசி சிப்பம் பதினெட்டு, ஒற்றைக் காலில். டெஸ்ட் போட்டியில் ஒரு நாளைக்கு 20 ஓவர் போட்டால் 120 தடவை. கணுக்கால், முட்டி, இடுப்பு என்று ஏறி வரும் அந்த அடி கீழ்முதுகில் வந்து சேரும்போது, முதுகு சும்மா இருப்பதில்லை. அதே நேரத்தில் அது பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திரும்பிக்கொண்டும் இருக்கிறது. அதனால்தான் வலக்கை வீச்சாளர்களுக்குக் கீழ்முதுகு எலும்பில், பெரும்பாலும் இடது பக்கத்தில், மயிரிழை விரிசல் விழுகிறது. இடுப்பு ஒரு பக்கம் பார்க்க, தோள் வேறு பக்கம் முறுக்கிக்கொள்ளும் கலப்பு ஆக்‌ஷன் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கு 1973இல் வெஸ்ட் இண்டீஸ் பயணத்தில் முதுகெலும்பில் விரிசல் விட்டது. மாதக்கணக்கில் ஓய்வு, உடற்பயிற்சி, வீச்சு முறையில் மாற்றம் என்று உழைத்து 1974-75 ஆஷஸ் தொடரில் திரும்பினார். அதே மனிதர்தான் 1987இல் சென்னையில் எம்.ஆர்.எஃப். டயர்க் கம்பெனி தொடங்கிய வேகப்பந்துப் பயிற்சி மையமான எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனுக்கு வந்து, இந்தியப் பையன்களுக்கு முதுகைக் காப்பாற்றிக்கொண்டு வேகமாகப் போடக் கற்றுக்கொடுத்தார். ஜவகல் ஸ்ரீநாத், ஜாகீர் கான் எல்லாம் அங்கே பழகியவர்கள். அந்த கம்பெனி 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சின்னப் பட்டறையாகத் தொடங்கியது. பலூன் போய் டயர் வந்தது, டயர்க் கம்பெனி பிரேக் பிடிக்கவும் சொல்லிக்கொடுத்தது.

பும்ராவுக்கும் முதுகுதான். 2019இல் விரிசல், 2022 டி20 உலகக் கோப்பையைத் தவறவிட்டார், 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை. திரும்பி வந்து 2024 டி20 உலகக் கோப்பையில் 15 விக்கெட், ஓவருக்கு 4.17 ரன், தொடர் நாயகன். அந்த ஆண்டு டிசம்பரில் மெல்பர்னில் 200ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தபோது அவர் சராசரி, அதாவது ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன், 20க்கும் கீழே. 200 விக்கெட் எடுத்த வேறு எவருக்கும் அப்படி இருந்ததில்லை. அடுத்த மாதமே சிட்னியில் முதுகு பிடித்துக்கொண்டு பாதியில் வெளியேறினார். பும்ராபோல் ஓட்டம் மிகவும் குறைந்தால் உடம்பின் மேல்பாதி கூடுதலாக உழைக்க வேண்டும். அதற்கான பில் முதுகுக்குத்தான் வரும். வேகத்துக்கும் விலை உண்டு. பாகிஸ்தானின் ஷோயப் அக்தர் 2003 உலகக் கோப்பையில் 161.3 கி.மீ. தொட்டவர், ஆடியது 46 டெஸ்ட். அவரைவிட வேகம் வெகுவாகக் குறைந்த இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆண்டர்சன் 2003 முதல் 2024 வரை 188 டெஸ்ட் ஆடி 704 விக்கெட் எடுத்தார்.

நம் பையன்களின் ஞாயிற்றுக்கிழமையை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். டோர்னமென்ட் என்றால் ஒரே நாளில் மூன்று நான்கு மேட்ச். நன்றாகப் போடுபவனுக்கு எல்லா மேட்சிலும் முழுக் கோட்டா. தரை கட்டாந்தரை அல்லது சிமென்ட். காலில் தேய்ந்த கேன்வாஸ் ஷூ. எலும்பு முற்றாத 15, 16 வயதில் இது விஷப் பரீட்சை. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வெகுகாலம் வைத்திருந்த வரம்பு, 13 வயதுக்குட்பட்டவர் ஒரு ஸ்பெல்லுக்கு, அதாவது ஒரே மூச்சில், 5 ஓவர், நாளுக்கு 10. 15 வயதுக்குட்பட்டவர் 6, 12. இன்னொரு கணக்கும் உண்டு: ஒரு வாரத்தில் போடும் பந்துகள், கடந்த நான்கு வார சராசரியைவிட ஒன்றரை மடங்கைத் தாண்டினால் காயத்துக்கான வாய்ப்பு ஏறுகிறது. வாரம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ஞாயிறன்று 100 பந்து போடுவதைவிட, வாரத்தில் மூன்று நாள் 30 பந்து போடுவது முதுகுக்கு நல்லது. பின்னால் வளையும்போது ஒரே பக்கம் மட்டும் கீழ்முதுகு வலித்தால், தைலம் தேய்த்துவிட்டு மறு ஓவர் போடக்கூடாது. ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

வேகம் ஏன் இவ்வளவு கவர்கிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பிட்ச் 20.12 மீட்டர் என்றாலும், இந்தப் பக்கக் கிரீஸ் கோட்டிலிருந்து அந்தப் பக்கக் கிரீஸ் கோட்டுக்குப் பந்து போகும் தூரம் 17.7 மீட்டர்தான். 145 கி.மீ. வேகத்தில் அதற்கு ஆகும் நேரம் 0.44 விநாடி, காற்றிலும் தரையிலும் வேகம் குறைவதைச் சேர்த்தால் அரை விநாடி. கண் பார்த்து மூளை முடிவெடுக்க ஏறக்குறைய 0.2, மட்டையை இறக்க இன்னொரு 0.2. மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆகவே நல்ல பேட்ஸ்மேன் பந்தைக் கடைசிவரை பார்ப்பதே இல்லை. பந்து கையை விடும்போது பார்க்கிறார், அது எங்கே குத்தும் என்று ஊகித்து, பந்துக்கு முன்பாகவே கண்ணை அங்கே கொண்டுபோய் வைக்கிறார். அந்த ஊகத்தைக் கெடுப்பவனே நட்சத்திரம். பும்ராவின் விறைத்த கையும், இலங்கையின் மலிங்காவின் அம்பயர் தோளை உரசி வரும் கையும் பேட்ஸ்மேன்கள் பழகிய படத்தில் இல்லாதவை. 2018 டிசம்பரில் மெல்பர்னில், உணவு இடைவேளைக்கு முந்தைய கடைசிப் பந்தாக ஆஸ்திரேலியாவின் ஷான் மார்ஷுக்கு பும்ரா போட்ட மெதுவான யார்க்கரில் (பேட்ஸ்மேன் காலடியில் விழும் பந்து), ஆக்‌ஷன் ஒரு வேகம் சொன்னது, பந்து வேறு வேகத்தில் வந்து காலில் பட்டது.

யார்க்கர் எவ்வளவு மெல்லிய கம்பியில் நடக்கிறது என்று போட்டுப் பார்க்கலாம். 2.1 மீட்டர் உயரத்திலிருந்து 140 கி.மீ. வேகத்தில் விடும் பந்து பேட்ஸ்மேன் காலடியில் விழ, கிடைமட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய மூன்றரை டிகிரியில் கிளம்ப வேண்டும். அந்த வேகத்தில் சுழலும் கை 0.001 விநாடியில் சுமார் 2 டிகிரி நகரும். காற்றுத் தடையை விட்டுவிட்ட தோராயக் கணக்குதான்: அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி முந்தி விட்டால் தரையில் குத்தாமலே முட்டிக்கு மேலே வரும் ஃபுல்டாஸ், பிந்தி விட்டால் மூன்று மீட்டர் முன்னாலேயே குத்தி, சிக்ஸருக்கு வசதியான பந்து. இதை யோசித்துச் செய்ய முடியாது, ஆயிரக்கணக்கில் போட்டுத்தான் கை பழகும். பும்ரா சிறுவயதில் அம்மாவின் மதியத் தூக்கம் கெடாமலிருக்க, சத்தம் வராதபடி தரையும் சுவரும் சேரும் மூலையில் பந்தைக் குத்தப் பழகினார். மலிங்கா காலிக்குப் பக்கத்தில் ரத்கம கிராமத்தில் மெத்தென்ற பந்தில் ஆடி வளர்ந்தவர். சின்னப்பம்பட்டி நடராஜனும் டென்னிஸ் பால் மேட்ச்களில் தீட்டிய யார்க்கரோடுதான், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைப் போட்டியிலும் அறிமுகமானார். சந்தில் கரிக்கோட்டு ஸ்டம்புக்குப் போடும் பையன் இந்த ஒரு பாடத்தில் பின்தங்கியவன் இல்லை.

பின்தங்குவது லெதர் பந்து கைக்கு வரும்போது. டென்னிஸ் பால் 58 கிராம் அளவில் இருக்கும். லெதர் பால் 155.9 முதல் 163 கிராம். உருவம் கொஞ்சம்தான் பெரிது, எடை இரண்டே முக்கால் மடங்கு. லேசான பந்தைக் காற்று சீக்கிரம் அடக்கிவிடும் என்பதால் டென்னிஸ் பாலில் கையை மட்டும் வீசிப் பழகிவிடுகிறார்கள். அதே வீச்சில் கனமான பந்தைப் போட்டால் தோளும் முழங்கையும் இரண்டே வாரத்தில் முனகும். மூன்று நான்கு ஓவரில் தொடங்கி, வாரம் ஒரு ஓவர் வீதம் ஏற்றுவது நல்லது.

லெதரில் புதிதாகக் கிடைப்பது சீம், அதாவது பந்தைச் சுற்றிய தையல். தையலை 20 டிகிரி சாய்த்து விட்டால், அந்தப் பக்கத்தில் பந்தை ஒட்டிப் போகும் காற்றுப் படலம் தையலில் இடறிக் கொந்தளிக்கும். கொந்தளித்த படலம் பந்தை நெடுநேரம் கவ்விக்கொண்டு போகும். மறுபக்கத்துப் படலம் சீக்கிரமே பிரிந்துவிடும். இந்த ஏற்றத்தாழ்வு பந்தைத் தையல் காட்டும் திசைக்குத் தள்ளுகிறது. இது நன்றாக நடப்பது 110 கி.மீ.யை ஒட்டிய வேகத்தில். மிக அதிக வேகத்தில் தையலுக்கு முன்பே இரு பக்கமும் கொந்தளித்துவிட, திசை தலைகீழாகிறது, அதுதான் ரிவர்ஸ் ஸ்விங். பழைய, ஒரு பக்கம் தேய்ந்த பந்தில் அது குறைந்த வேகத்திலேயே வரும். 1999 சேப்பாக்கம் டெஸ்டில் டிராவிடின் ஸ்டம்பைப் பெயர்த்த பாகிஸ்தானின் வாசிம் அக்ரம் இந்த வித்தையில் வாத்தியார். காசிமேட்டுப் பக்கம் "கடல்காத்து ஈரமா இருந்தா பால் சுத்தும்" என்பார்கள். ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது. ஈரத்தால் மட்டும் சுத்தாது. மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து குறுக்கே அடிக்கும் காற்றின் வேகம் பந்தைத் தள்ளுவது உண்மை.

முன்கால் சரியா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. போனை இடுப்பு உயரத்தில், கிரீஸுக்கு நேர் பக்கவாட்டில் வைத்து, விநாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் எடுக்கவும். கால் தரையைத் தொட்ட ஃபிரேமிலிருந்து பந்து கையை விடும் வரை 24 ஃபிரேமை ஒட்டி வரும். அதற்குள் முட்டி எத்தனை தூரம் மடங்குகிறது, மார்பு முன்னால் வரும்போது கை எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள். போனும் இல்லையென்றால் ஓவர் முடிந்ததும் மண்ணைப் பார்க்கலாம். ஆறு பந்துக்கும் ஒரே இடத்தில் ஆழமாகக் குத்திய குதிகால் குழி இருந்தால் பிரேக் பிடிக்கிறது. செருப்பை இழுத்துக்கொண்டு போனதுபோல் நீளக் கோடாக இருந்தால், ஓட்டத்தில் நான்கு எட்டு குறைத்துவிட்டு அடுத்த ஓவரைப் போடச் சொல்லுங்கள்.